தொம்மை வாசித்த கரடி

மலையடிவாரக் காடு ஒன்றில் ஒரு கரடியும் ஒரு குரங்கும் ஒரு கொண்டைக்குருவியும் சேர்ந்து இசைக்குழு நடத்தி வந்தன.

குருவி பாடும். குரங்கு காய்ந்த சுரைக்குடுக்கைகளைத் தட்டித் தாளம் போடும். கரடியின் பெயர் மொத்தன். அது வாசித்த வாத்தியத்துக்குத் தொம்மை என்று பெயர். குடைந்த பலாக்கட்டையின்மேல் இரண்டு தடித்த கொடிகளை இழுத்துக் கட்டியிருக்கும். ஒரு கொடியை இழுத்துவிட்டால் ‘தொம்’ என்னும். மற்றதை இழுத்துவிட்டால் ‘தூம்’ என்னும். அவ்வளவுதான். குருவி எத்தனை வளைவு வளைத்துப் பாடினாலும், குரங்கு எத்தனை வேகமாகத் தட்டினாலும், மொத்தன் தன்பாட்டுக்கு தொம், தூம், தொம், தூம் என்று வாசித்துக்கொண்டிருக்கும்.

ஒரு நாள் காலை, தூரத்துக் காட்டிலிருந்து ஒரு கிளி வந்தது. ஊர் ஊராகப் பறந்து எல்லாரையும் கேள்வி கேட்பது அதன் வழக்கம். கச்சேரி முடிந்ததும் கிளி கீழே இறங்கி வந்தது.

“குருவியம்மா! உன் வித்தையில் உனக்கு எவ்வளவு திருப்தி? பத்துக்கு எத்தனை கொடுப்பாய்?”

“பத்து!” என்றது குருவி.

“குரங்காரே, நீங்கள்?”

“பத்துக்குமேல் கொடுக்கக் கூடாதா?” என்று கேட்டுவிட்டுக் குரங்கு ஒரு குட்டிக்கரணம் போட்டது.

கிளி சிரித்தது. சிறகை விரித்துப் புறப்படத் தயாரானது.

மொத்தன் தொண்டையைச் செருமிக்கொண்டது. “என்னைக் கேட்கவில்லையே?”

கிளி தலையைச் சாய்த்துப் பார்த்தது. “அட, நீங்களும் வாசிக்கிறீர்களா? அந்தக் கட்டை உருண்டுவிடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றல்லவா நினைத்தேன்!”

சுற்றியிருந்த முயல்களும் அணில்களும் சிரித்தன. மொத்தனுக்குக் காது சூடாகிவிட்டது.

“சரி, சொல்லுங்கள். பத்துக்கு எத்தனை?”

மொத்தனுக்கு மனத்தில் தோன்றிய எண் இரண்டு. ஆனால் அத்தனை பேர் முன்னால் அதை எப்படிச் சொல்வது? “எட்டு” என்றது.

“தொம் தொம்முக்கு எட்டா!” என்று குருவி கிளைமேல் இருந்தபடி சிரித்தது. அது கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை. ஆனாலும் சிரிப்பு சிரிப்புதானே! எல்லாரும் மறுபடியும் சிரித்தார்கள். கிளி பறந்து போய்விட்டது.

அன்றைக்கு மொத்தனுக்குத் தேன் இனிக்கவில்லை. “இத்தனை வருஷமாக எல்லார் முன்னாலும் இரண்டே ஓசையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பார்த்தவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்? வெட்கக்கேடு!” என்று தன்னையே திட்டிக்கொண்டது. கச்சேரிக்குப் போனால் கட்டைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டது. முயல்கள் தமக்குள் ஏதாவது பேசிக்கொண்டாலும், தன்னைப் பற்றித்தான் பேசுகின்றன என்று நினைத்தது.

பிறகு அது ஒரு முடிவுக்கு வந்தது. தொம்மையைத் தூக்கிக்கொண்டு அருவிக்குப் பின்னால் போனது. அங்கே யாருக்கும் எதுவும் கேட்காது. மெல்லிய கொடிகளைத் தேடி எடுத்துக் கட்டையின் ஓரத்தில் மூன்றை இழுத்துக் கட்டியது. தினமும் மத்தியானம் உட்கார்ந்து பழகியது. முதலில் நகம் சிக்கியது. விரல் வீங்கியது. ஒரு மாதத்தில் குருவியின் பாட்டில் பாதியை அந்தக் கொடிகளில் வாசிக்க வந்துவிட்டது. கிணுகிணு கிணுகிணு என்று ஓசை ஓடியது.

“மான்கள் ஆற்றைக் கடக்கும் நாளில் இதை வாசிப்பேன். அன்றைக்குக் காடே வந்திருக்கும். அப்புறம் யார் சிரிப்பார்கள், பார்ப்போம்!” என்றது மொத்தன்.

அந்தக் காட்டில் மழைக்காலம் பிறந்ததும் புள்ளிமான்கள் ஆற்றைக் கடந்து மேட்டுக்காட்டுக்குப் போகும். இந்தக் கரையில் அப்போது புல்வெளி முழுவதும் சேறாகிவிடும். கடப்பது சுலபமில்லை. ஆறு அகலமானது. முழங்கால் ஆழத்தில் ஒரே ஒரு பாதை உண்டு. அதிலிருந்து நான்கு அடி விலகினால் பள்ளம். காலையில் பனிமூட்டம் வேறு. அதனால் மான்கள் தோளோடு தோள் ஒட்டி, ஒரே வரிசையாக, ஒரே சமயத்தில் காலெடுத்து வைத்துக் கடக்கும். அக்கரையில் ஒரு பெரிய பாறை ஆற்றுக்குள் நீண்டிருந்தது. இசைக்குழு அதன்மேல் உட்கார்ந்து வாசிக்கும். வாசிக்க வாசிக்க மான்கள் வந்து சேரும். வருஷா வருஷம் அப்படித்தான்.

அந்த நாள் வந்தது. வெயில் ஏறவில்லை. பனி ஆற்றை மூடியிருந்தது. கரையெல்லாம் பன்றிகளும் முயல்களும் மயில்களும் கூடியிருந்தன. தலைமான் தண்ணீரில் கால் வைத்தது. குருவி பாடியது. குரங்கு தட்டியது. மொத்தன் வழக்கம்போல் தொம், தூம் என்று தொடங்கியது.

மான்கள் ஒவ்வொன்றாக இறங்கின. முப்பது மான்கள். நடுவில் மருளி என்ற தாய்மானும், இரண்டு மாதம்கூட ஆகாத அதன் குட்டியும் வந்தன. வரிசை பாதி ஆற்றுக்கு வந்துவிட்டது.

‘இதுதான் சமயம்!’ என்று நினைத்தது மொத்தன்.

தடித்த கொடிகளை விட்டுவிட்டு மெல்லிய கொடிகளில் பாய்ந்தது. கிணுகிணு கிணுகிணு! குருவி திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தது. கரையில் இருந்த முயல்கள் வாயைப் பிளந்தன. ஒரு மயில் “அடடா!” என்றது. மொத்தனின் நெஞ்சு நிறைந்தது. கண்ணை மூடிக்கொண்டு இன்னும் வேகமாக வாசித்தது.

ஆற்றில் ஒரு மான் முன்னால் கால் வைத்தது. அடுத்தது வைக்கவில்லை. இன்னொன்று நின்றுவிட்டது. பின்னால் வந்தது அதன்மேல் மோதியது. தோள்கள் பிரிந்தன. தண்ணீர் இடையில் புகுந்தது.

“நிற்காதே! நட!”

“எந்தப் பக்கம்?”

“அம்மா!”

கடைசிக் குரல் மருளியின் குட்டியுடையது. பாதையிலிருந்து வழுக்கிப் பள்ளத்தில் விழுந்துவிட்டது. வெள்ளம் அதை இழுத்துக்கொண்டு போனது.

மொத்தன் கண்ணைத் திறந்தது. பனிக்குள் மான்களின் தலைகள் கலைந்து தெரிந்தன. அதற்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம், தான் பழைய ஓசையை விட்டதால்தான் அவை தடுமாறுகின்றன என்று புரிந்தது. அதன் விரல்கள் கொடியில் அப்படியே நின்றுவிட்டன.

“மொத்தண்ணே! பழையபடி வாசி! பழையபடி!” என்று குரங்கு கத்தியது. கத்திக்கொண்டே குடுக்கைகளை எறிந்துவிட்டுக் கரையோர மரங்களில் தாவிக் குட்டி போன பக்கம் ஓடியது.

மொத்தனுக்கு ஆற்றில் குதிக்க வேண்டும்போல் இருந்தது. யார் கண்ணிலும் படாமல் ஓடிவிட வேண்டும்போலவும் இருந்தது. இன்னும் இருபது மான்கள் தண்ணீருக்குள் நின்றன. அது தடித்த கொடியைப் பிடித்து இழுத்தது.

தொம்.

மறுபடியும் இழுத்தது. தூம்.

ஆற்றில் ஒரு மான் காதை நிமிர்த்தியது. கால் எடுத்தது. பக்கத்து மானும் எடுத்தது. தொம். தூம். தோள்கள் மறுபடி ஒட்டின. வரிசை மெல்ல மெல்லக் கூடியது. மருளி மட்டும் கீழ்ப்பக்கமே பார்த்துக் கதறிக்கொண்டு வந்தது. மற்ற மான்கள் அதை நடுவில் வைத்து நெருக்கித் தள்ளிக்கொண்டு கரையேறின. கடைசி மான் ஏறும்வரை மொத்தன் கையை எடுக்கவில்லை. நகம் பிய்ந்து கட்டையில் ரத்தம் வழிந்தது.

குட்டி சாகவில்லை. ஆற்றில் சாய்ந்திருந்த ஒரு மருதமரத்தின் கிளைகளுக்குள் அது சிக்கிக்கொண்டிருந்தது. குரங்கு கிளையோடு போய்க் காதைப் பிடித்துத் தூக்கி, முதுகில் போட்டுக்கொண்டு வந்தது. ஆனால் குட்டியின் பின்னங்கால் ஒன்று முறிந்துவிட்டது.

உச்சிவேளையில் எல்லாரும் மருதமர நிழலில் கூடினார்கள். மருளி குட்டியை நக்கிக்கொண்டிருந்தது.

“வெள்ளம் திடீரென்று ஏறிவிட்டது. யார் என்ன செய்ய முடியும்?” என்றது ஒரு பன்றி.

“ஆமாம். கரடியார் விடாமல் வாசித்ததால்தான் மிச்சப் பேர் பிழைத்தார்கள்!” என்றது ஒரு முயல். “கரடியார் வாழ்க!” என்று நாலைந்து குரல்கள் எழுந்தன.

வாழ்நாளில் முதல்முறையாக அதை வாழ்த்துகிறார்கள். மொத்தனால் தலை தூக்க முடியவில்லை.

தலைமான் அதன் அருகில் வந்தது.

“கரடியாரே, எங்களுக்கு ஆற்றுக்குள் பாட்டு கேட்பதே இல்லை. தண்ணீர் இரைச்சலில் குருவியின் குரலும் காணாமல் போய்விடும், குடுக்கைச் சத்தமும் காணாமல் போய்விடும். உங்கள் ஓசை மட்டும் பாறை வழியாக வந்து எங்கள் குளம்பில் தட்டும். தொம் என்றால் வலது கால். தூம் என்றால் இடது கால். என் அம்மா காலத்திலிருந்தே அப்படித்தான். இதை உங்களிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. உங்களுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்துவிட்டோம்.”

தலைமான் குனிந்து அதன் முகத்தைப் பார்த்தது.

“இன்று நடுவில் அது நின்றுவிட்டது. என்ன ஆயிற்று? கொடி அறுந்துவிட்டதா?”

குருவி மொத்தனைப் பார்த்தது. குரங்கும் பார்த்தது. இரண்டுக்கும் நடந்தது தெரியும். ஆனால் இரண்டும் அதைக் காட்டிக்கொடுக்கவில்லை.

‘ஆமாம்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எல்லாரும் நம்பிவிடுவார்கள். கொடி அறுந்தால் அது யார் குற்றம்? அந்த வார்த்தை மொத்தனின் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அப்போது குட்டி வலியில் முனகியது.

“கொடி அறுந்து போகவில்லை” என்றது மொத்தன். “நான்தான் நிறுத்தினேன்.”

எல்லாரும் மொத்தன் பக்கம் திரும்பினார்கள்.

“வேறு வாசித்துக் காட்ட ஆசைப்பட்டேன். இரண்டு ஓசை எனக்கு வெட்கமாக இருந்தது. எல்லாரும் ‘அடடா’ என்று சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். ஆற்றில் நிற்கிற உங்களை நினைக்கவில்லை. ஒரு கணம்கூட நினைக்கவில்லை.”

குருவி மெல்லக் கீழே இறங்கி வந்தது. “நானும் அன்றைக்குச் சிரித்தேன்” என்றது.

மருளி எழுந்தது. மொத்தனின் முகத்துக்கு நேரே வந்து நின்றது.

“ஒருவர் ‘அடடா’ சொல்வதற்காகவா?” என்று கேட்டது.

“ஆமாம்.”

“என் குட்டி இனிமேல் ஓடாது. புலி வந்தால் ஓடாது. தெரியுமா உனக்கு?”

“தெரியும்.”

“போய்விடு. உன்னைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.”

மொத்தன் எழுந்து போனது. யாரும் கூப்பிடவில்லை. அது நேரே அருவிக்குப் பின்னால் போய் உட்கார்ந்தது. கிளி கேட்ட அன்று வந்த வெட்கமும் இன்று வந்த வெட்கமும் ஒன்றில்லை என்று அதற்குத் தெரிந்தது. அன்றைக்கு மற்றவர்கள் சிரித்தார்கள், அதனால் வெட்கமாக இருந்தது. இன்று யாருமே சிரிக்கவில்லை. ஆனாலும் தன் கைகளைப் பார்க்கவே அதற்குக் கூசியது.

மழைக்காலம் முடிந்தது. மான்கள் திரும்பிவர வேண்டிய நாள் வந்தது. குரங்கு அருவிக்கு வந்து மொத்தனைத் தேடியது.

“அண்ணே, தலைமான் அனுப்பியது. வாசிக்க வரச் சொல்கிறது.”

“என்னையா? வேறு யாரையாவது கூப்பிடு. என் கை நடுங்கும்.”

“நானும் குருவியும் தனியாக வாசித்துப் பார்த்தோம். மான்கள் தண்ணீரில் கால் வைக்கவே மறுத்துவிட்டன.”

“மருளி என்ன சொன்னது?”

குரங்கு தயங்கியது. “ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் வேண்டாம் என்றும் சொல்லவில்லை.”

மொத்தன் தொம்மையைத் தூக்கிக்கொண்டு வந்தது. இந்த முறை, இந்தக் கரையில் ஆற்றுக்குள் நீண்டிருந்த ஒரு பாறையில் உட்கார்ந்தது. பனி அன்றுபோலவே மூடியிருந்தது. அக்கரையில் மான்கள் இறங்கின. தொம், தூம், தொம், தூம்.

கொஞ்ச நேரத்தில் மொத்தன் ஒன்றைக் கவனித்தது. நடுவரிசையில் மருளியின் குட்டி வந்தது. நொண்டிக் கால் தரையில் படுவதற்குள் அடுத்த ஓசை வந்துவிடுகிறது. குட்டி தடுமாறுகிறது. மருளி தோளால் முட்டுக்கொடுக்கிறது.

மொத்தன் கொடியை விட்டுக் கொஞ்சம் காத்திருந்தது. குட்டியின் கால் கல்லில் பதிந்தது. அப்புறம்தான் அடுத்ததை இழுத்தது.

தொம். தூம்.

“மெல்லப் போகிறாய்!” என்று குருவி கிசுகிசுத்தது. அப்புறம் ஆற்றைப் பார்த்தது. ஒன்றும் சொல்லாமல் தன் பாட்டையும் மெதுவாக்கிக்கொண்டது. குரங்கும் மெதுவாகத் தட்டியது. முப்பது மான்களும் அந்த நொண்டிக் காலின் வேகத்தில் ஆற்றைக் கடந்தன. கரையில் நின்ற ஒரு முயல், “இன்றைக்கு என்ன, இசை இத்தனை மந்தமாக இருக்கிறது?” என்று கொட்டாவி விட்டது.

மொத்தன் அதைக் கேட்டது. ஆனால் கண்ணை மூடவில்லை. குட்டியின் காலை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தது.

மருளி கரையேறி மொத்தனைக் கடந்து போனது. நிற்கவில்லை. பேசவில்லை. குட்டி மட்டும் திரும்பி ஒரு முறை பார்த்துவிட்டு, தாய்க்குப் பின்னால் நொண்டி நொண்டிப் போனது. மொத்தன் தலை குனிந்து உட்கார்ந்திருந்தது. கடைசி மான் ஏறி முடித்த பிறகுதான் கொடியிலிருந்து விரலை எடுத்தது.

தன் வித்தை சிறியது என்று வெட்கப்பட்டு ஊரார் பாராட்டுக்கு ஏங்குகிறவன், அந்த வித்தையை நம்பிக் காலெடுத்து வைப்பவர்களைக் கைவிட்டுவிடுவான்.