நாற்காலியில் எத்தனை பேர்?

சத்தியம், சத்தியம், சத்தியம்! இதில் ஓர் எழுத்து பொய்யாக இருந்தால் என் மீசை இப்போதே உதிர்ந்து உங்கள் மடியில் விழட்டும். விழுந்ததா? இல்லையல்லவா? அப்படியானால் கேளுங்கள், குழந்தைகளே.

ஒரு காட்டில், மூங்கில் புதருக்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. அதன் கடைசி அறை ஒரு பாறைக் குகை. குகைக்குள் ஒரு கம்ப்யூட்டர். யார் கொண்டுவந்து வைத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. அதன் வயர் மண்ணுக்குள் இறங்கிப் போனது. அது எங்கே போகிறது என்று பார்க்கத் தோண்டிய பெருச்சாளி, மறுநாளே தோண்டும் வேலையை விட்டுவிட்டது. "என்ன பார்த்தாய்?" என்று கேட்டால் வாயே திறக்காது.

வருடத்தில் மூன்று முறை, ஒவ்வொரு பிள்ளையும் தனியாக அந்த அறைக்குள் போய்க் கணக்குத் தேர்வு எழுத வேண்டும். சரியாகச் சொன்னால் அடுத்த கேள்வி கடினமாக வரும். தப்பாகச் சொன்னால் சுலபமாக வரும். கடைசியில் ஒரு மதிப்பெண். ஒரு தேர்வுக்கும் அடுத்த தேர்வுக்கும் இடையில் யார் அதிகம் வளர்ந்தார்களோ, அவர்களுக்கு ஒரு குடுவை மலைத்தேன்.

போன வருடம் தேனை வாங்கியது சிலிர்ப்பி என்ற முள்ளம்பன்றி. எட்டிலிருந்து இருபதுக்கு வந்திருந்தது. கணக்கில் புலியான மிடுக்கன் என்ற கீரிப்பிள்ளையோ தொண்ணூறிலிருந்து தொண்ணூற்றொன்று.

"என்னடா மிடுக்கா, ஒண்ணே ஒண்ணுதான் வளர்ந்தியா? விரலை வேணும்னா நக்கிக்கிறியா?" என்று சிலிர்ப்பி தேன் ஒழுகும் விரலை நீட்டியது.

கீரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாள் முழுக்க உட்கார்ந்து யோசித்தது. 'உச்சியில் நிற்கிறவன் இன்னும் எங்கே ஏறுவது? அடுத்த வருடம் முதல் தேர்வில் பள்ளத்தில் இறங்கிவிடுகிறேன். இரண்டாவதில் ஒரே தாவல். தேன் எனக்குத்தான்!'

அடுத்த வருடம் வந்தது. முதல் தேர்வும் வந்தது.

"மிடுக்கா, தெரிந்ததைத் தெரிந்தபடி எழுது. நீ எங்கே நிற்கிறாய் என்று கம்ப்யூட்டர் சொன்னால்தான் எனக்குத் தெரியும்" என்று சொல்லி அனுப்பினார் கொக்கு டீச்சர். அவர் அப்படித்தான். திரையில் வந்தால் நம்புவார், எதிரில் வந்தால் நம்பமாட்டார்.

அறை சில்லென்று இருந்தது. முக்காலும் அரைக்காலும் சேர்ந்தால் எவ்வளவு என்று கேட்டது திரை. கீரி 'நூறு' என்று தட்டியது. பன்னிரண்டு ஏழு எத்தனை? 'ஐந்து.' ஒன்பதும் ஆறும்? 'இரண்டு.'

ஒவ்வொரு தப்புக்கும் திரை கொஞ்சம் இருண்டது. கீரிக்கோ சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஒன்றுக்கு அடுத்து என்ன? 'ஒன்பது.'

திரை இதைவிடச் சுலபமான கேள்வியை எங்கோ ஆழத்தில் போய்த் தேடுவதுபோல, மண்ணுக்கு அடியிலிருந்து ஒரு முனகல் வந்தது. பிறகு எழுத்துகள் ஒவ்வொன்றாக மேலே ஏறி வந்தன.

'இந்த நாற்காலியில் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்?'

கீரி வாலை ஆட்டிக்கொண்டே 'பூஜ்யம்' என்று தட்டியது.

'நல்லது. குறித்துக்கொண்டேன்' என்றது திரை.

கீரி துள்ளிக்கொண்டு வகுப்புக்கு வந்து தன் இடத்தில் உட்கார்ந்தது. சிலிர்ப்பி வந்து அதன் மேலேயே உட்கார்ந்தது!

"ஏய், எழுந்திரு!" என்று கத்தியது கீரி.

"டீச்சர், இந்த இடம் காலியாத்தானே கிடக்கு? நான் இங்கேயே இருந்துக்கறேன்" என்றது சிலிர்ப்பி.

முள் ஒன்றுகூடக் குத்தவில்லை. அதுதான் கீரிக்குப் பயமாக இருந்தது.

டீச்சர் பெயர் கூப்பிட்டார். மிடுக்கன் பெயர் வரவில்லை. கீரி வீட்டுக்கு ஓடியது. அம்மாக் கீரி வளை வாசலில் நின்று, "மூணு பேரும் சாப்பிட வாங்கடா!" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நாலு பேர்! நான் இங்கே இருக்கேன்!" என்று அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டது.

அம்மாவுக்கு உடம்பு சிலிர்த்தது. "எங்கிருந்தோ குளிர்காத்து அடிக்குது. வாசலை அடைங்கடா" என்றாள்.

நான்கு மாதம் மிடுக்கன் யார் கண்ணிலும் படாமல் திரிந்தது. 'அடுத்த தேர்வு வரட்டும். நான் இருக்கிறேன் என்று அந்தக் கம்ப்யூட்டரிடமே சொல்லிவிடுகிறேன்' என்று நாளை எண்ணிக்கொண்டிருந்தது.

இரண்டாவது தேர்வு நாள். எல்லாப் பிள்ளைகளும் எழுதி முடித்ததும் கீரி மெல்ல உள்ளே நுழைந்தது. அணைந்திருந்த திரை தானாக விழித்தது.

'வா மிடுக்கா. விட்ட இடத்திலிருந்து தொடங்கலாமா? இந்த நாற்காலியில் எத்தனை பேர்?'

"ஒன்று! ஒன்று!" என்று அலறிக்கொண்டே தட்டியது கீரி.

நாற்காலி கிரீச்சிட்டது. நான்கு மாதத்தில் முதன்முறையாகத் தன் கனம் கீரிக்குத் தெரிந்தது. பிறகு ஒரு கேள்வி விடாமல் சரியாகச் சொல்லி மேலே மேலே ஏறியது. கடைசியில் திரை பளீரென்று காட்டியது: 'வளர்ச்சி: தொண்ணூறு.'

கீரி வெளியே பாய்ந்தது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆம், பார்த்தார்கள்!

"டீச்சர், நான்தான் மிடுக்கன்!"

கொக்கு டீச்சர் பட்டியலில் மூக்கை வைத்துத் தேடினார். "போன தேர்வில் அந்த நாற்காலியில் யாருமே இல்லை. கம்ப்யூட்டரே சொல்கிறது. ஆகையால் நீ புதிதாகச் சேர்ந்த பிள்ளை. ஆனாலும் கெட்டிக்காரப் பிள்ளை. இந்தா, தேன்."

"சிலிர்ப்பி, உனக்குமா என்னைத் தெரியலை?"

"இன்னிக்குத்தானே பார்க்கிறேன். எந்தக் காட்டிலேர்ந்து வர்றே?" என்றது சிலிர்ப்பி.

கீரி தேன்குடுவையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடியது. "அம்மா! அம்மா!"

அம்மாக் கீரி வெளியே வந்தாள். அதை மேலும் கீழும் பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"அடடே, எங்க மூத்தவன் ஜாடையாவே இருக்கியே! யாரு வீட்டுப் பிள்ளைப்பா நீ? மழை வர்ற மாதிரி இருக்கு, நனையாம வீடு போய்ச் சேரு. உங்கம்மா தேடுவா."

போதும் குழந்தைகளே, இதை நான் சொன்னதாக மட்டும் யாரிடமும் மூச்சு விடாதீர்கள். கணக்கு டீச்சரிடம் கூடவே கூடாது. கம்ப்யூட்டர் பக்கத்தில் உட்கார்ந்து என் பெயரை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள்.

நீதி: உயர்ந்ததாகக் காட்டிக்கொள்ளத் தன்னைத் தானே குறைத்துச் சொல்கிறவன், இருந்த இடத்தையும் இழப்பான்.