எஸ்தாக்கி சொல்லாத பெயர்

ராயபுரம் குத்துச்சண்டைக் கொட்டகையில் மைக் பிடித்து வீரர்களை அறிவிப்பவர் எஸ்தாக்கி. கொட்டகையும் மைக்கும் அரிசி மண்டி முதலாளி தாமோதரத்துக்குச் சொந்தம்.

அன்று முதலாளியின் மகன் மோகனரங்கம், படகுக்காரன் காளத்தியிடம் எல்லாச் சுற்றிலும் அடி வாங்கினான். ஒரு கண் முழுதாக மூடிவிட்டது. காளத்தியின் பெயர் எழுதிய தீர்ப்புச் சீட்டோடு மேடையேறப் போன எஸ்தாக்கியை முதலாளி மறித்தார்.

"சீட்டுல எவன் பேரு இருந்தாலும் என் புள்ள பேரைத்தான் சொல்லணும். இல்லேன்னா இனிமே நீ மைக்கைத் தொட முடியாது."

"தாராளமா சொல்றேன் முதலாளி" என்றார் எஸ்தாக்கி பணிவாக.

மேடையில் நடுவர் இருவர் கைகளையும் பிடித்தபடி காத்திருந்தார். எஸ்தாக்கி தொண்டையைச் செருமினார்.

"பெரியோர்களே! நம் முதலாளி சுவரொட்டியில் அறிவித்த சிறப்பு நிகழ்ச்சியை முதலில் நினைவூட்டுகிறேன். இன்று வெல்பவர் இப்போதே, இதே மேடையில், துறைமுகம் மாசிலாமணியுடன் மோதுவார்!"

மாசிலாமணி எழுந்து நின்றார். பின்வரிசைக்காரர்களுக்கு மேடை மறைந்தது. காளத்தி சிரித்தான், அந்த மோதலுக்காகத்தான் அவன் வந்ததே.

"வெற்றி பெற்றவர்..." என்று எஸ்தாக்கி மூச்சு உள்ளவரை இழுத்தார்.

மோகனரங்கம் நடுவரிடமிருந்து கையை உருவிக்கொண்டு, காளத்தியின் கையைத் தானே தலைக்கு மேல் தூக்கினான். "இவன்தான்! இவன்தான்யா ஜெயிச்சான்!"

கொட்டகை அதிர்ந்தது. எஸ்தாக்கி மேடையோரம் குனிந்தார்.

"உங்க புள்ள பேரைச் சொல்லத்தான் வாயெடுத்தேன் முதலாளி, தம்பி முந்திக்கிட்டாரு. மாத்திச் சொல்லட்டுங்களா?"

முதலாளி வாயைத் திறக்குமுன், மோகனரங்கம் ஓடிவந்து மைக்கை இரு கையாலும் பொத்திக்கொண்டான்.