நாணற்பாக்கத்து மூன்று வரைபடங்கள்

"சாமி, மூணுல எது நிஜம்? அதை மட்டும் சொல்லுங்க. நாளைக்குக் காலையில நான் கையெழுத்துப் போட்டாகணும்."

தாலுகா சர்வேயர் தணிகாசலம் பத்து நாளாகச் சரியாகத் தூங்கவில்லை. நின்ற இடத்தில் நிற்கவும் முடியவில்லை. இரண்டு அடி அங்கே, இரண்டு அடி இங்கே. தன்னைவிடப் பத்து வயது இளைய சாமியாரைத் தேடிவரும் அளவுக்கு மனுஷரைப் பாடாய்ப் படுத்திவிட்டது நாணற்பாக்கம் ஏரி.

மழை விட்டு ஒரு மாதம் ஆகியிருந்தது. தை மாதத்து வெயிலில் சாமியார் கருவேல மரத்தடியில் வெறுந்தரையில் உட்கார்ந்திருந்தார்.

"முதல்ல உட்காருங்க."

"பரவாயில்லை சாமி. தரை ஈரமா இருக்கு. ஆபீசுக்குப் போற பேன்ட்."

நின்றபடியே வரைபடங்களை ஒவ்வொன்றாக விரித்தார்.

"இது வெள்ளைக்காரன் காலத்துது. ஏரி எவ்ளோ பெருசு பாருங்க, சுத்திலும் நாணல் குறி. இது எங்கப்பா காலத்துது, ஏரி பாதி. இது போன சித்திரையில எடுத்தது. ஏரின்னு பார்த்தா ஒரு உள்ளங்கை."

"இந்த மரம் எங்க இருக்கு?"

"பழசுல ஏரிக்குள்ள. அடுத்ததுல கரையில. புதுசுல ஏரிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை, முக்கால் கிலோமீட்டர் தள்ளி."

"கையெழுத்து எதுல?"

"புதுசுலதான். போட்டா நாப்பத்திரண்டு குடும்பத்துக்கு வீட்டுமனை. பத்து வருஷமா ரோட்டோரத்துல கிடக்குதுங்க, பாவம். போடலைன்னா, குடியைக் கெடுத்தான்னு மண்ணை வாரித் தூத்துவாங்க. போட்டுட்டு, ஒரு ஐப்பசியில ஏரி திரும்பி வந்துச்சுன்னா..."

அவருக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது. மோசமான ஆளாக இருந்திருந்தால் இந்நேரம் கையெழுத்துப் போட்டுவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பார்.

"மனை எங்க?"

"இங்கதான் சாமி. இந்த மரத்துலருந்து ரோடு வரைக்கும்."

சாமியார் தலையாட்டினார். வரைபடங்களை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பக்கத்துத் தரையைக் கையால் தட்டிக் காட்டினார்.

"எவ்வளவு நேரந்தான் நிப்பீங்க? உட்காருங்க."

"இல்ல சாமி, அப்பவே சொன்னேனே, தரை ஈரமா..."

சர்வேயரின் பேச்சு நின்றது. பத்து நாளில் முதல்முறையாகக் காலும் நின்றது.