முப்பத்தொன்றாவது புள்ளி

பேராசிரியர் மைமூனாவின் கண்ணாடித் தகட்டில் வந்த எண்ணிக்கையை யாரும் மறுபடி சரிபார்ப்பதில்லை. அவருக்கு அப்படி ஒரு பெயர்.

தகடு விரல் நீளம்தான். அதில் ஆயிரத்து இருநூறு புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் கடுகைவிடச் சிறிய ஒரு துளி மருந்து. துளி பரவாமல் இருக்கத் தகட்டின்மேல் ஒரு பூச்சு உண்டு. மற்றவர்கள் பூசியபின் மூன்று முறை கழுவுவார்கள். மைமூனா ஏழு முறை கழுவுவார். பிறகு நோயாளியின் புற்றுச் செல்களை அதன்மேல் ஊற்றி வைப்பார்கள். எந்தப் புள்ளியில் செல்கள் சாகின்றனவோ, அது சிவப்பாக ஒளிரும்.

இருதயராஜுக்கு வயது ஐம்பத்து மூன்று. இருபத்தாறு வருடம் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்துவிட்டு ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தவர். பேராசிரியர் அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். அதனால் மாணவரை 'சார்' என்றுதான் கூப்பிடுவார்.

சேர்ந்த முதல் வாரமே இருதயராஜ் கேட்டார்.

"மேடம், உங்க எண்ணிக்கையை மட்டும் எல்லாரும் அப்படியே நம்புறாங்களே, அது எப்படி?"

"தகடு காஞ்சிருச்சா பாருங்க சார்" என்றார் பேராசிரியர்.

இரண்டு வருடம் போனது. கோவில்பட்டிப் பெண் ஒருவரின் கட்டியிலிருந்து எடுத்த செல்கள் ஐந்து குப்பிகளில் வந்தன. அந்த இடத்தில் இன்னொரு முறை கத்தி வைக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இருந்தது அந்த ஐந்துதான்.

முதல் இரண்டு குப்பிகளில் ஒன்றும் ஒளிரவில்லை. மூன்றாவதில் ஒரே ஒரு புள்ளி சிவந்தது. பதினேழாவது வரிசை, ஒன்பதாவது புள்ளி.

இருதயராஜ் இரண்டிரண்டு படியாக மாடி ஏறினார்.

"கிடைச்சிருச்சு மேடம்! டாக்டருக்குப் போன் போட்டுறட்டுமா? அந்தம்மா மூணு மாசமாக் காத்துக்கிட்டு இருக்காங்க."

பேராசிரியர் படத்தைப் பார்த்தார். "நல்லாச் செவந்திருக்கே" என்றார். பிறகு, "வெறும் புள்ளி எங்கே?"

ஒவ்வொரு தகட்டிலும் நூற்று இருபது புள்ளிகளில் மருந்தே இருக்கக் கூடாது. மருந்தைக் கரைத்த திரவம் மட்டும் இருக்க வேண்டும். அது அவர் வைத்த சட்டம்.

இருதயராஜ் தலையைச் சொறிந்தார். "நூத்திருபது இடம் சும்மா கிடந்துச்சு மேடம். செல்லே கொஞ்சம்தான் இருக்கு, பாவம் அந்தம்மான்னு அதிலயும் மருந்து வச்சுட்டேன்."

"இந்த மருந்தை எதில கரைச்சீங்க?"

"தண்ணியில கரையல. இது ஒண்ணை மட்டும் வேற திரவத்தில..." சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்திவிட்டார்.

"நாலாவது குப்பியை எடுப்போம் சார்."

"அதுவும் போச்சுன்னா மிச்சம் ஒண்ணுதான் மேடம்."

"எனக்கும் எண்ணத் தெரியும்."

புதிய தகட்டில் பேராசிரியரே அறுபது புள்ளிகள் வைத்தார். முப்பதில் இருதயராஜின் மருந்து. முப்பதில் அந்தத் திரவம் மட்டும். எது எங்கே என்று ஒரு சீட்டில் குறித்து, மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். மருந்துதான் கொல்கிறது என்றால் முப்பது சிவக்க வேண்டும். அதற்குமேல் ஒன்றுகூடச் சிவக்கக் கூடாது.

இரண்டு நாள் கழித்து, காலை பத்து மணி.

"மெஷின் வேண்டாம். நீங்களே பார்த்துச் செவந்தது எத்தனைன்னு மட்டும் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் பேராசிரியர் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

நுண்ணோக்கியில் ஒரு நேரத்தில் ஒரு புள்ளிதான் தெரியும். இருதயராஜ் வாய்விட்டு எண்ணினார். ஒன்று சிவப்பு. இரண்டும் சிவப்பு. பத்து வரை இருண்ட புள்ளியே வரவில்லை. மருந்தையெல்லாம் முன்னால் வைத்திருப்பாராக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். இருபது. இருபத்தைந்து. குரல் இறங்கிக்கொண்டே வந்தது.

"முப்பது" என்றார். தகட்டை நகர்த்தும் திருகைப் பிடித்த கை அப்படியே நின்றது.

பேராசிரியர் திரும்பவில்லை. சீட்டு அவர் பைக்குள்தான் இருந்தது. முப்பது நல்ல எண். அந்த எண்ணோடு டாக்டருக்குப் போன் போடலாம்.

இருதயராஜ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டார். திருகை நகர்த்தினார்.

"முப்பத்தொண்ணு" என்றார்.

அதற்குப் பிறகு நிற்காமல் எண்ணினார். அறுபதும் சிவப்பு.

"மருந்து இல்ல மேடம். கரைச்ச திரவம்தான் கொன்னிருக்கு. ஒரு குப்பி போனதுதான் மிச்சம்."

பேராசிரியர் எழுந்து வந்தார். செல் குப்பிகள் இருக்கும் உறைபெட்டியின் சாவியை மேசையில் வைத்தார். எப்போதும் அவரே திறந்து குப்பியை எடுத்துக் கொடுப்பார்; அந்தச் சாவியை அதுவரை யாரிடமும் கொடுத்ததில்லை.

"பார்க்காத மருந்து இன்னும் ஆயிரத்தெண்பது இருக்கு. கடைசிக் குப்பியை நீங்களே ஊத்துங்க சார்."

இருதயராஜ் சாவியைத் தொடவில்லை.

"என்னை நம்பியா மேடம்?"

"முப்பத்தொண்ணுன்னு சொன்னது யாரு?" என்றார் பேராசிரியர்.