ஆறிய காலுக்குப் பத்து

கடலோரத்து உப்பங்கழியில் ஒரு கூழைக்கடாப் பறவை ஆமைகளுக்கு வைத்தியசாலை நடத்தி வந்தது. வலையில் சிக்கி அடிபட்ட கடலாமைகளை மீட்டு, வரப்புக் கட்டிய குட்டையில் விட்டுக் குணப்படுத்துவது அதன் வேலை. நல்ல வேலைதான், யாரும் குறை சொல்ல முடியாது.

அங்கே கூலி வாங்காமல் உதவி செய்ய நீர்நாய்க்குட்டிகள் வந்தன. அவற்றில் துள்ளி என்பவள் படு சுறுசுறுப்பு. மார்கழியில் துடுப்புக்கால் கிழிந்து வந்த பெண்ணாமை ஒன்று அவள் பொறுப்பில் இருந்தது. துள்ளி தினமும் கசப்புப் பச்சிலையைத் தேடிப் பறித்து, வாய் புண்ணாகும்வரை மென்று விழுதாக்கிக் கொடுப்பாள். கூழைக்கடா அதை ஆமையின் காலில் பத்துப் போடும்.

ஆமையைப் பார்க்கக் கூட்டம் கூட்டமாகப் பறவைகள் வந்தன. வந்தவை ஆளுக்கொரு மீனைக் கூழைக்கடாவின் காலடியில் வைத்து, மகராசன் என்று வாழ்த்திவிட்டுப் போயின. கூழைக்கடாவின் தாடைப்பை நாளுக்கு நாள் கனத்தது.

மாசி பிறந்ததும் ஆமை துள்ளியைக் கிட்டே அழைத்தது.

"வயித்துல முட்டை முத்திட்டு, தங்கச்சி. காஞ்ச மணல்ல குழி தோண்டித்தான் இடணும். இந்தச் சேத்துத் தண்ணியில விட்டா அத்தனையும் அழுகிப் போயிரும்."

துள்ளி ஓடிப்போய்க் கேட்டாள். புண் உள்ளுக்குள் இருக்கிறது, இன்னும் பத்து நாள் ஆகட்டும் என்றது கூழைக்கடா. பத்து நாள் கழித்துக் கேட்டாள். அப்போதும் பத்து நாள் என்றது. கால் வலிக்கவே இல்லை என்று ஆமை சொன்னதற்கு, வைத்தியனுக்குத் தெரியாதா என்று எரிந்து விழுந்தது.

துள்ளிக்குச் சந்தேகம் தட்டியது. ஆமையின் காலைத் தண்ணீரில் நன்றாக அலசினாள். பத்து கரைந்து போனது. அடியில் புண்ணையே காணோம். தழும்புகூடக் காய்ந்து பழசாகியிருந்தது. ஊரை ஏமாற்ற இத்தனை நாளும் அவள் வாயையே அல்லவா உபயோகித்திருக்கிறது இந்தப் பறவை!

வந்திருந்த கூட்டத்தின் முன்னாலேயே ஆமையின் காலைத் தூக்கிக் காட்டினாள். கூழைக்கடா கொஞ்சமும் கூசவில்லை.

"நான் அன்னைக்கு வலையை அறுத்து விடலைன்னா இது செத்து மிதந்திருக்கும். நன்றி கெட்ட கழுத, என்னையா கேள்வி கேக்க?"

"உசுரக் காப்பாத்துனீங்க அண்ணாச்சி, இல்லன்னு சொல்லல. அந்த ஒரு உசுருக்கு நூறு உசுரையா விலை கேப்பீங்க?"

கேட்டுவிட்டுத் துள்ளி பதிலுக்குக் காத்திருக்கவில்லை. வரப்பின் மேல் பாய்ந்து மண்ணைப் பறித்தாள். மற்றக் குட்டிகளும் சேர்ந்துகொண்டன. காணிக்கையோடு நின்ற நாரைகள்கூட மீனைக் கீழே போட்டுவிட்டுக் காலால் மண்ணைத் தள்ளின. வரப்பு உடைந்தது. ஆமை திரும்பிக்கூடப் பார்க்காமல் கடலுக்குப் போனது. அந்த வாரமே மணல்மேட்டில் ஏறிக் குழி தோண்டி முட்டையிட்டது.

இப்போது அடிபட்ட ஆமைகளை நீர்நாய்க்குட்டிகளே பார்த்துக்கொள்கின்றன. ஆறிய அன்றே கடலில் விட்டுவிடுகின்றன. கூழைக்கடாவோ, அந்த ஆமையை விட்டதே நான்தான் என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் வெட்கமில்லாமல் சொல்லித் திரிகிறது.

காப்பாற்றியவனே கட்டி வைத்துக்கொண்டால், அவனுக்கும் வலைக்கும் வித்தியாசமில்லை.