சட்டம் மாறிய நாள்

ஒரு சிற்றூரின் கண்ணாடிக் கடையில் ஒரு சட்டம் இருந்தது. கோர்ட்டுச் சட்டமல்ல. கண்ணைச் சோதிக்கும்போது மூக்கில் மாட்டுவார்களே, அந்த வட்டச் சட்டம். வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, முன்னாடி இருந்ததா?" என்று கேட்பதுதான் அதன் வேலை. இருபது வருடமாக வேறு வாக்கியம் பேசியதில்லை. இருந்தாலும் தன்னைப் பாதி டாக்டர் என்று நினைத்துக்கொண்டிருந்தது. மீதிப் பாதியைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை.

ஒருநாள் ரேடியோ சொன்னது: "சட்டம் மாறிவிட்டது. இனிக் கண்ணாடிக் கடையிலும் லேசர் சிகிச்சை செய்யலாம்."

"நான் எப்போ மாறினேன்?" என்று சட்டம் நிலைக்கண்ணாடியில் பார்த்துக்கொண்டது. அதே வளைந்த காது, அதே துருப்பிடித்த திருகு. சரி, ரேடியோவே சொல்லும்போது மறுப்பானேன்?

மறுவாரமே லேசர் வந்து இறங்கியது. முதல் ஆளாக இட்லிக்கடை பவுனம்மா வந்தார். அவருக்கு இருப்பது ஒரே கண். புரை எடுத்த அந்தக் கண்ணிலும் சவ்வு படர்ந்து, சட்னியும் சாம்பாரும் ஒன்றாகத் தெரிந்தன. லேசரால் அந்தச் சவ்வில் ஒரு துளை போட்டால் சரியாகிவிடும். ஆனால் டாக்டரிடம் போக மூன்று மணி நேரம் பஸ்.

"செத்த உக்காருங்கம்மா, கையைப் பழக்கிட்டு வந்துடறேன்" என்றது சட்டம். தனக்குக் கையே கிடையாது என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

உள்ளே பயிற்சிக்கென்று ஒரு பிளாஸ்டிக் கண் இருந்தது. லேசரிடம் அதைச் சுடச் சொன்னது. பளிச்சென்று ஒரு துளை விழுந்தது. வாய் சும்மா இருக்குமா?

"இது தெளிவா, முன்னாடி இருந்ததா?"

"முன்னாடி இருந்ததுதான்" என்றது பிளாஸ்டிக் கண்.

"அவ்வளவுதானே! லேசர் அண்ணே, பழையதையே மாட்டிடுங்க."

லேசர் விழித்தது. "எதை?"

"முன்னாடி இருந்ததை."

"என்கிட்ட முன்னாடின்னு ஒண்ணு கிடையாதுப்பா. எல்லாம் பின்னாடி மட்டுந்தான்."

சட்டத்தின் திருகெல்லாம் தளர்ந்தது. இருபது வருடத் திறமை முழுக்க, போட்டதைக் கழற்ற முடிந்ததால் வந்தது என்று அன்றைக்குத்தான் உறைத்தது. வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

வெளியே பவுனம்மா பொறுமையிழந்தார். "என்னப்பா, நீ செய்றியா, இல்ல டாக்டர்கிட்டயே போகட்டுமா? எனக்கு இருக்கறது ஒண்ணு. யோசிச்சுச் சொல்லு."

இதுவா, அதுவா? தான் ஊராரிடமெல்லாம் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வது இவ்வளவு கஷ்டம் என்று சட்டத்துக்குத் தெரியாது.

"முன்னாடி இருந்ததுதாம்மா" என்றது. "ஒம்பதரை பஸ்ஸப் பிடிப்போம். நானும் வரேன். என்னோட மீதிப் பாதி அங்கதான் இருக்கு."

ரேடியோ ஒரு வாரம் முந்திக்கொண்டுவிட்டது. சட்டம் அன்றைக்குத்தான் மாறியது.