அடுக்குகளுக்கு நடுவே ஓர் ஒளியிழை

ஆரல்வாய்மொழிப் பக்கம் ஒரு காற்றாலை நின்றது. அதன் இறக்கைகளில் ஒன்றுக்குள் இரண்டு கண்ணாடிநார் அடுக்குகள் குடியிருந்தன. இரண்டுக்கும் நடுவே, தலைமுடி கனத்தில், ஓர் ஒளியிழை படுத்திருந்தது. கீழேயிருந்து வரும் ஒளியில் ஒரு நிறத்தை மட்டும் அது திருப்பி அனுப்பும். உடம்பு இழுபட்டால் நிறம் சற்று மாறும். அதைப் பார்த்து, இறக்கைக்குள் என்ன நடக்கிறதென்று மனிதர்கள் தெரிந்துகொள்வார்கள்.

அடுக்குகளுக்கு எந்நேரமும் பழைய பேச்சுதான்.

"நினைவிருக்கிறதா? இறக்கை செய்த கொட்டகையில் உன்மேல் என்னை விரித்தார்களே," என்னும் மேலடுக்கு.

"மறக்குமா? பிசின் ஊறி வந்தபோது எவ்வளவு சூடு! எது நீ, எது நான் என்றே தெரியவில்லை," என்னும் கீழடுக்கு.

"லாரியில் வந்தோமே. தோவாளையில் ஒரு பூக்காரம்மா கூடையை இறக்கிவைத்துவிட்டு நம்மைத் தொட்டுப் பார்த்தாள்."

ஒளியிழைக்கும் அந்த நாட்களின்மேல் ஆசை உண்டு. கேட்கக் கேட்க நெஞ்சு கனக்கும். ஆனால் பதினோரு வருடக் காற்றுக்குப் பிறகு அதற்கு வேறொன்றும் தெரிந்திருந்தது. ஒரு சித்திரை நாளில் பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டது.

"நீங்கள் இருவரும் கடைசியாகத் தொட்டுக்கொண்டது எப்போது?"

பதிலுக்குக் காத்திராமல் அதுவே தொடர்ந்தது.

"இந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு உங்களுக்கு நடுவே வெறும் காற்றுதான் இருக்கிறது. இப்போதே தெரிந்தால் ஒட்டிவிடுவார்கள். ஆடிக்காற்று வந்துவிட்டால் இறக்கையே முறிந்துவிடும்."

"வெளியே பெயிண்ட்கூட உதிரவில்லை. நீ வந்து குடும்பத்தைக் கலைக்காதே," என்றது கீழடுக்கு.

ஒளியிழை சண்டைக்குப் போகவில்லை. மாறிய நிறத்தை அப்படியே கீழே அனுப்பிவைத்தது.

மறுநாள் காலை காற்றாலையை நிறுத்தினார்கள். என்ஜினீயர் பிரிசில்லா கீழே திரையைப் பார்த்தபடி நின்றார். சுயம்பு சின்னச் சுத்தியலோடு கயிற்றில் தொங்கினார். இருபது வருடமாக இறக்கைகளைத் தட்டியே நோய் சொல்கிறவர் அவர். அடுக்கு பிரிந்த இடம் 'பொத்'தென்று கேட்கும். அவர் காதுக்கு அது தப்பியதில்லை. அந்தப் பெருமையும் அவருக்கு நிறையவே உண்டு.

மேலடுக்கு மூச்சைப் பிடித்துக்கொண்டு கீழடுக்கின்மேல் அழுந்திக்கொண்டது. சுத்தியல் இரண்டு முறை பட்டது. 'டங்.'

"மேடம், ஓசை சுத்தமாத்தான் கேக்கு. இழைக்குத்தான் கிறுக்கு பிடிச்சிருக்கு," என்றார் சுயம்பு வாக்கிடாக்கியில்.

"நல்லா தட்டிப் பாத்தியளாண்ணே?"

"ரெண்டு தடவை தட்டியாச்சு. இப்ப காட்டுறதையே ஜீரோன்னு வச்சிருங்க. எல்லாம் சரியாயிரும்."

"இன்னும் ஒரு தடவை தட்டிருங்க. பெறவு வச்சிருதேன்."

ஒளியிழை அடுக்குகளிடம் திரும்பியது. "இதைப் பூஜ்யமென்று வைத்துவிட்டால், இந்தப் பிரிவுதான் இனி இயல்பு. நான் எவ்வளவு கதறினாலும் அவர்களுக்கு விளங்காது. கொட்டகை நாளைப் பற்றி இவ்வளவு பேசுகிறீர்களே, அன்று நீங்கள் ஒரு வார்த்தை பேசினீர்களா? நடுவில் கிடந்த எனக்குத் தெரியும். ஒட்டியிருந்தவர்களுக்குப் பேச்சே தேவைப்படவில்லை."

சுயம்பு மறுபடி சுத்தியலை ஓங்கினார்.

"எனக்குக் களைப்பாக இருக்கிறது," என்றது மேலடுக்கு மெல்ல. "ஒட்டியிருப்பதுபோல் நடித்து நடித்து."

"எனக்கும்தான். விட்டுவிடு," என்றது கீழடுக்கு.

பொத்.

சுயம்புவின் கை அப்படியே நின்றது. காதை ஒட்டவைத்து மறுபடி தட்டினார். முகம் வாடிவிட்டது.

"மேடம், ஜீரோ வைக்காதீங்க. இழை சொன்னதுதான் நெசம். நான்தான் தப்பாக் கேட்டுட்டேன்."

துளை போட்டார்கள். புதுப் பிசினை உள்ளே செலுத்தி, பகல் முழுவதும் சூடேற்றினார்கள். கொட்டகையின் அந்தச் சூடு திரும்ப வரவில்லை. ஒட்டிய இடம் தழும்பாகத்தான் நின்றது. ஒளியிழைக்கு அதில் வருத்தம்தான்.

ஆடி பிறந்தது. முதல் பெருங்காற்றில் மேலடுக்கு வில்லாக வளைந்தது.

"அம்மாடி, வலிக்கிறது," என்று முனகியது கீழடுக்கு.

மேலடுக்கு வியந்து கேட்டது.

"வளைந்தது நான். உனக்கா வலிக்கிறது?"